மூணு வருஷமா எனக்கு சிவப்புக் கொடி காட்டுற கேமரா

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் மெசேஜ் பண்ணான், "மச்சி, ஒலிம்பஸ் ட்ரிப் 35 ஒண்ணு வெலைக்கு வருது, வாங்கவா?"ன்னு. ஒரு வரியில சொல்லி முடிச்சிரலாம்னுதான் டைப் பண்ண ஆரம்பிச்சேன், முடியல, அதான் இங்க கொட்டுறேன்.

நான் மூணு வருஷமா வச்சிருக்கிற அதே கேமராதான், 1967ல வந்து 1984 வரைக்கும் ஓடுன ஃபிலிம் கேமரா மாடல், 40 எம்எம் எஃப் 2.8 லென்ஸ். பேட்டரி கெடையாது. லென்ஸ சுத்தி தேன்கூடு மாதிரி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி செலினியம் செல், வெளிச்சம் பட்டா அதுவே கரண்ட் குடுத்து உள்ள ஒரு முள்ள ஆட்டும், முள்ளு நிக்கிற எடத்த வச்சு கேமராவே அப்பர்ச்சர, அதாவது லென்ஸ் ஓட்டை எவ்ளோ தொறக்கணும்ங்கிறத, முடிவு பண்ணிக்கும். ஷட்டர் ஸ்பீடு 1/200 செகண்டு, 1/40 செகண்டு, ரெண்டே ரெண்டுதான். வெளிச்சம் பத்தலன்னா? பட்டன அமுக்கும்போது வியூஃபைண்டர் உள்ள ஒரு சிவப்புக் கொடி எந்திரிச்சு நிக்கும், பட்டனும் இறங்காது. அவ்ளோதான், கிளம்புங்க சார்.

இந்தக் கொடிதான் என் பிரச்சனையே. மெரினால காலைல ஏழு மணிக்கு எடுத்துட்டுப் போனா தங்கமான கேமரா, மயிலாப்பூர் குளத்த சுத்தி நடந்தாலும் அப்படித்தான், ஃபோகஸ தூரத்துக்கான மலை படத்துல வச்சுட்டு க்ளிக் க்ளிக்னு போயிட்டே இருக்கலாம். ஆனா பாரிமுனைல பூக்கடை சந்துக்குள்ள ஒரு தடவ போனேன், மேல ஃபுல்லா தார்ப்பாய், கேமரா உள்ள 200 ஃபிலிம், 400அ விட வெளிச்சம் அதிகமா கேக்கும். சாமந்தி குவியலுக்கு நடுவுல ஒரு அக்கா, மடியில காசப் போட்டுட்டே நிமிந்து என்னப் பாத்து சிரிச்சாங்க, அப்படி ஒரு சிரிப்பு, அமுக்குறேன், கொடி! லென்ஸ் ரிங்க ஏ-லேர்ந்து, அதாவது ஆட்டோலேர்ந்து, 2.8க்கு திருப்பிட்டா கொடி வராம 1/40ல எடுத்துரும், தெரியும், ஆனா நான் திருப்புறதுக்குள்ள அந்தக்கா சிரிப்ப நிறுத்திட்டு "இன்னா தம்பி, ஓட்ட கேமராவா?"ன்னு கேட்டுட்டாங்க.

அதோட விட்டுச்சா, அடுத்த ஞாயித்துக்கிழம காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல ரிங்க திரும்ப ஏ-ல வைக்க மறந்துட்டேன். பாதி ரோல் மெதுவான 1/40லயே போயி, கூடை தூக்கிட்டு ஓடுறவங்க எல்லாரும் ஆவி மாதிரி வந்திருக்காங்க. அது என் தப்புதான், கேமரா என்ன பண்ணும்.

நியாயத்தையும் சொல்லிரணும். மூணு வருஷத்துல கிட்டத்தட்ட இருவது ரோல் ஓட்டிருக்கேன், இருட்டடிச்ச ஃப்ரேம் ஒண்ணு கூட கெடையாது. என் கூட வர்ற இன்னொருத்தன் ரேஞ்ச்ஃபைண்டர்னு வேற வகை கேமரா வச்சிருக்கான், நாம பாக்குறது வேற ஓட்டை, படம் புடிக்கிறது வேற ஓட்டைங்கிறதால லென்ஸ் மூடிய கழட்டாமலே ஒரு முழு ரோல் எடுத்து முடிச்சான் பாவம். ட்ரிப்ல ரிங் ஏ-ல இருக்கிற வரைக்கும் அது நடக்காது, மூடி செல்லையும் சேத்து மறைச்சிரும், உடனே கொடி வந்துரும். ஃபிலிம் விக்கிற வெலையில அது எவ்ளோ பெரிய உதவின்னு காசு குடுத்தவனுக்குத்தான் தெரியும். ஊட்டில ஃபேக்டரி வச்சு ஃபிலிம் செஞ்ச ஊருய்யா இது, இப்ப ஒரு ரோல் வாங்க ரெண்டு வாரம் யோசிக்க வேண்டியிருக்கு. சரி அத விடுங்க.

வந்த புதுசுல பின்மூடி பக்கம் வெளிச்சம் உள்ள வராம அடைக்கிற பஞ்சு கரைஞ்சு தார் மாதிரி ஒட்டிட்டு இருந்துச்சு, முதல் ரோல் முழுக்க ஆரஞ்சு கோடு. மாத்துனேன், சரியாப் போச்சு, அம்பது வருஷ சாமான்ல அதெல்லாம் ஒரு குறையா. 400 ஃபிலிம் போட்டா கொடி கொஞ்சம் கம்மியா வரும், அதுக்கு மேல செட்டிங்கே கெடையாது.

ஆக மச்சி, நல்ல கேமரா, ரிப்பேர் கம்மி, படமெல்லாம் கத்தி மாதிரி ஷார்ப்பா வரும், வாங்காத. நேத்துதான் கடைசி ரோல் ஸ்கேன் வந்துச்சு, 36 போட்டதுல 37 வந்திருக்கு, எல்லாமே கரெக்ட் எக்ஸ்போஷர், ஒண்ணு விடாம பாத்தேன், அதுல பூக்கடை அக்கா இல்ல. அடுத்த மாசம் கேட்டேன்னா வேற சொல்வேனோ என்னவோ. அதுக்குள்ள எவனாவது வாங்கிட்டான்னா என்ன திட்டாத.