கோலி ஓடும் பெட்டி: பிளைவுட்டா, 3டி பிரிண்டா?

ஆளுக்கொரு பெட்டி செய்து, வரிசையாகச் சேர்த்து, 16 மில்லிமீட்டர் கோலியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடவிடுவதுதான் எங்கள் மேக்கர்ஸ்பேஸ் (கருவிகளைப் பகிர்ந்துகொண்டு பொருள் செய்யும் பொதுப் பட்டறை) திட்டம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பெட்டியை எதில் செய்வது?

வேகம்: 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை லேசர் சில நிமிடங்களில் வெட்டிவிடும். பிரிண்டரில் ஒரு வளைவுக்கே மணிக்கணக்காகும்.

வடிவம்: சுருள், புனல் என்றால் பிரிண்டர்தான். பிளைவுட்டில் தட்டையான துண்டுகளைக் கோத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

உழைப்பு: சிங்கப்பூர் ஈரக்காற்றில் வார்னிஷ் அடிக்காத பிளைவுட் வளைந்துவிடும், அப்புறம் கோலி வெளியேறும் துளை பக்கத்துப் பெட்டியின் துளையோடு சேராது, எனக்கு அப்படியாகி, ஒரு சனிக்கிழமை முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஈரக்காற்றில் வளையாது, ஆனால் 60 டிகிரி வாக்கில் இளகும், வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள்.

பழுது: பிளைவுட்டுக்குப் பசை போதும்.

பிள்ளைகளோடு வருகிறவர்களும் முதல் பெட்டி செய்கிறவர்களும் பிளைவுட்டை எடுங்கள். கணினியில் வடிவம் வரையத் தெரிந்து, கோலியைச் சுழலவிட ஆசைப்படுகிறவர்களுக்குப் பிரிண்ட். நான் இப்போது சட்டத்தைப் பிளைவுட்டிலும் வளைவுகளைப் பிரிண்டிலும் செய்கிறேன். எதுவானாலும் சரி, நுழையும் துளை, வெளியேறும் துளை இரண்டின் உயரத்தையும் குழுவில் பேசி முடித்த பிறகே வெட்டுங்கள்.