பரோசா வெயிலுக்கு உகந்தது ஷிராஸா, கிரெனாஷா?

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரம் போனால் பரோசா பள்ளத்தாக்கு. கோடையில் மழை அரிது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களும் உண்டு. இந்த வெயிலில் பெயர் வாங்கிய ஒயின் திராட்சை ஷிராஸ். ஆனால் என் மனம் கிரெனாஷ் என்னும் இன்னொரு திராட்சையின் பக்கம்தான்.

ஷிராஸைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. பிரான்சின் ரோன் ஆற்றோரத்தில் சிரா என்று வழங்கும் அதே திராட்சைதான் இது. பரோசாவில் கனிந்தால் ஒயின் மை போலக் கறுத்து, நாவல்பழமும் மிளகும் சாக்லேட்டும் சேர்ந்தாற்போல் வாயை நிறைக்கும். பல ஆண்டுகள் பாதாள அறையில் கிடந்தாலும் தளராது. ஆனால் அனல்காற்று அடிக்கும் ஆண்டில் ஷிராஸ் பழம் கொடியிலேயே சுருங்கத் தொடங்குகிறது. சர்க்கரை விறுவிறுவென ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. அந்த ஒயினில் பழ ஜாம் போன்ற இனிப்பு வாடைதான் முந்துகிறது.

ஸ்பெயினில் கார்னாச்சா எனப்படும் கிரெனாஷ், வறட்சிக்குப் பழகியது. தாமதமாகத்தான் கனியும். பழைய தோட்டங்களில் கம்பியோ பந்தலோ இல்லாமல், முறுக்கேறிய அடிமரத்தோடு குத்துச்செடியாக நிற்கிறது. தன் இலையாலேயே தன் குலைக்கு நிழல் தருகிறது. ஒயினின் நிறம் வெளிறியது, மணம் ராஸ்பெரியுடையது, துவர்ப்பு மென்மையானது. குறையும் உண்டு: ஆல்கஹால் எளிதாக 15 சதவீதத்தைத் தொடும், காய்ப்பு மிகுந்தால் சுவை நீர்த்துவிடும். கொஞ்சமாகக் காய்க்கும் கிழட்டுக் கொடிகளில் அந்த இரண்டாவது குறை பெரும்பாலும் இல்லை.

கிழட்டுக் கொடிகளுக்குத்தான் பரோசாவில் பஞ்சமில்லையே! வேரைத் தின்னும் பிலோக்செரா பூச்சி இந்த மாநிலத்துக்குள் வரவே இல்லை. அதனால் 1843இல் நட்ட ஷிராஸும் 1848இல் நட்ட கிரெனாஷும் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன. இத்தனைக்கும் 1980களில், திராட்சை மிஞ்சிப்போனது என்று அரசே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்க வைத்தது. போர்ட் வகை இனிப்பு ஒயினுக்கு மவுசு குறைந்திருந்ததால் அதற்குப் பயன்பட்ட கிரெனாஷும் பெருமளவில் அழிந்தது. நூறாண்டு நின்ற கொடியை ஒரே பகலில் சாய்த்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆட்டிறைச்சி வறுவலுக்கும், பத்தாண்டு பாதுகாத்துக் குடிக்கவும் ஷிராஸ் வாங்குங்கள். இன்றிரவே குடிக்க, அதுவும் காரமான சாப்பாட்டோடு என்றால், பழங்கொடிக் கிரெனாஷை அரை மணி நேரம் குளிரூட்டித் திறங்கள்.