ஸ்ரீ லங்கா லோ ரிப்போட்ஸ்: வன்னிக் காணி வழக்குக்கு எவ்வளவு உதவும்?

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ காணி வழக்கொன்றுக்கு எழுத்துமூலச் சமர்ப்பணம் எழுத உட்காருகிறவருக்கு இரண்டு வரிசைப் புத்தகங்கள் வேண்டும். ஒன்று பழைய தீர்ப்புகளின் தொகுப்பான நியூ லோ ரிப்போட்ஸ், வழக்கத்தில் என்.எல்.ஆர். மற்றது 1978 முதலான தீர்ப்புகளைத் தரும் ஸ்ரீ லங்கா லோ ரிப்போட்ஸ், அதாவது ஸ்ரீ எல்.ஆர். இங்கே முக்கியமாகப் பார்ப்பது இரண்டாவதை. காணி வழக்குக்கு இது நல்ல கருவிதான். ஆனால் தீர்ப்புக்கு மேலே அச்சிட்டிருக்கும் சுருக்கமான தலைக்குறிப்போடு நிறுத்திவிடுகிறவரின் காலை இதே புத்தகம் வாரிவிடும்.

ஒரு வழக்கைத் திறந்தால் மேலே கட்சிக்காரர் பெயர், நீதிமன்றம், விசாரித்த நீதியரசர்கள், வழக்கு இலக்கங்கள், திகதிகள் இருக்கும். அடுத்து விடயச் சொற்கள், அதன் கீழே ‘தீர்மானிக்கப்பட்டது’ என்ற சுருக்கம், பிறகு எடுத்தாளப்பட்ட முன்தீர்ப்புகளின் பட்டியல், தோன்றிய சட்டத்தரணிகள். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் நீதியரசரின் சொந்த எழுத்து தொடங்குகிறது. மேலே உள்ள சுருக்கம் அறிக்கையாசிரியர் எழுதியது, நீதியரசர் எழுதியதல்ல. அதை மேற்கோள் குறிக்குள் போட்டு ‘நீதியரசர் கூறினார்’ என்று எழுதினால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து பக்க இலக்கம் கேட்கும் இடத்திலேயே சமர்ப்பணம் சரிந்துவிடும்.

உதாரணத்துக்கு 1994ஆம் ஆண்டின் 2ஆம் தொகுதியில் 365ஆம் பக்கத்தில் தொடங்கும் சிராஜுதீன் எதிர் அப்பாஸ். நீண்டகால ஆட்சியுரிமை, அதாவது காணியைப் பல வருடம் தன் கையில் வைத்திருந்ததால் வரும் உரிமை, கேட்கும் வழக்குகளில் அடிக்கடி காட்டப்படுவது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பத்து வருட ஆட்சியைக் கேட்கிறது. அந்தப் பத்து வருடத்தை எப்படி நிரூபிப்பது என்பதற்கு இந்தத் தீர்ப்பு வழி சொல்கிறது: பொதுப்படையான பேச்சு போதாது, சாட்சி குறிப்பான உண்மைகளைச் சொல்ல வேண்டும். ‘இருபது வருசமா நாங்கள்தான் இருக்கிறம்’ என்ற சாட்சியம் நிற்காது. எந்த வருடம் வேலி அடைத்தது, கிணற்றை யார் வெட்டியது, தென்னம்பிள்ளை வைத்தது எப்போது, சோலைவரிப் பற்றுச்சீட்டு யார் பெயரில், உரிமையாளர் வந்து கேட்டபோது என்ன மறுமொழி சொன்னது என்று வர வேண்டும். முறையாக வாசித்தால் இந்தத் தீர்ப்பு சாட்சியை எப்படித் தயார்ப்படுத்துவது என்பதற்கே ஒரு பட்டியலாகிவிடும்.

சகோதரர்களுக்குள் வரும் வழக்குக்கு இது மட்டும் போதாது. மூத்தவர் காணியில் இருக்கிறார், மற்றவர்கள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். பங்காளி ஒருவரின், அதாவது கூட்டு உரிமையாளர் ஒருவரின், ஆட்சி எல்லோருக்குமான ஆட்சி என்பது கோரியா எதிர் ஐசரிஸ் அப்புஹாமி, 15 என்.எல்.ஆர். 65 (15ஆம் தொகுதி, 65ஆம் பக்கம்). அதில் நின்றுவிட்டால் மூத்தவரின் வழக்கு அங்கேயே முடிந்தது. திலகரத்ன எதிர் பஸ்தியன், 21 என்.எல்.ஆர். 12 வரை போனால்தான், விசேட சூழ்நிலைகளோடு சேர்ந்த நீண்டகாலத் தனி ஆட்சியிலிருந்து மற்றவர்கள் வெளியேற்றப்பட்டதாக ஊகிக்கலாம் என்ற கதவு தெரியும். ஸ்ரீ எல்.ஆரின் ‘எடுத்தாளப்பட்ட வழக்குகள்’ பட்டியலின் உண்மையான பயன் இதுதான். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் நீதியரசர் பின்பற்றினாரா, வேறுபடுத்தினாரா, வெறுமனே பெயர் சொல்லிக் கடந்தாரா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பட்டியல் அதைச் சொல்லாது.

வன்னிக்கென்று இரண்டு ஓட்டைகள் உண்டு. 1994இல் வந்த தீர்ப்புக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தெரியாது. ஆயுதக் குழுவின் செயற்பாடுகளால் தன் காணி உரிமையைத் தொடர முடியாமல் போனவருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். பத்து வருடத்தைக் கூட்ட முதல் அதன் நிபந்தனைகளை வரிவரியாக வாசித்து, கட்சிக்காரருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றது பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அரசின் உரிமையைத் தொடாமல் விட்டிருக்கிறது. எனவே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த குடியேற்றத்திட்டக் காணிக்கு அரசை எதிர்த்துச் சிராஜுதீனைக் காட்டிப் பயனில்லை. உறுதிப் பத்திரமுள்ள தனியார் காணியா, பேர்மிட்டா என்பதை முதலில் பாருங்கள்.

மொழியில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். புத்தகம் ஆங்கிலத்தில், மாவட்ட நீதிமன்றப் பதிவு தமிழில். எங்களுக்கு ‘உயர் நீதிமன்றம்’ என்றால் கொழும்பிலுள்ள அதியுயர் நீதிமன்றம், அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம். தமிழ்நாட்டில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது மாநில அளவிலான நீதிமன்றம், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். இந்தியத் தமிழ்ப் பக்கத்திலிருந்து எடுத்த சொல்லை அப்படியே ஒட்டினால் தீர்ப்பின் கட்டுப்படுத்தும் பலமே மாறிவிடும்.

தீர்ப்பு எழுதும் முறைக்கும் இந்தத் தொகுதிகள் நல்ல பாடம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 187ஆம் பிரிவு நான்கைக் கேட்கிறது: வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டிய விடயங்கள், அவற்றின் மீதான முடிவு, அதற்கான காரணங்கள். முன்தீர்ப்பு காட்ட வேண்டும் என்று அதில் இல்லை, காரணம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளான எழுவினாக்களுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் விடை எழுதுவது போதாது என்பதற்கு வர்ணகுல எதிர் ரமணி ஜயவர்தன, 1990ஆம் ஆண்டு 1ஆம் தொகுதி, பக்கம் 206. மேன்முறையீட்டுக்குத் தயாராகிறவர் கையில் வைத்திருக்க வேண்டியது. தீர்ப்பு வந்த பிறகு மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், மனுவுக்கு 60 நாள்தான் உண்டு, தேடலைத் தள்ளிப்போட இடமில்லை.

நீதிமன்ற இணையத்தளங்களில் வரும் புதிய தீர்ப்புகளுக்குத் தலைக்குறிப்பு இல்லாதது ஒருவகையில் நல்லது, முழுதாக வாசித்தே ஆக வேண்டும். அவற்றுக்கு வழக்கு இலக்கத்தையும் தீர்ப்புத் திகதியையும் சேர்த்து எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் மற்ற நீதியரசர்கள் ‘உடன்படுகிறேன்’ என்று எழுதியிருக்கிறார்களா, யாராவது மாறுபட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மாறுபட்டவரின் பந்தியைத் தீர்ப்பென்று எடுத்துக் கொடுப்பதும் நடக்கிறது.

சமர்ப்பணத்தில் கட்சிக்காரர் பெயர், ஆண்டு, தொகுதி, தொடக்கப் பக்கம், மேற்கோள் உள்ள பக்கம் என்ற ஐந்தும் வர வேண்டும். தீர்ப்பின் முழுப் போட்டோப் பிரதியையும் இணைத்து, அந்தப் பந்தியின் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டு, ஒரு பிரதியை எதிர்த்தரப்புக்கும் கொடுங்கள்.