ஈம், லாக்ஸ்டன்: முதலில் எந்த ஊர்?

இங்கிலாந்துக் கிராம வரலாற்றைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதா? டெர்பிஷயரின் ஈம் பலருக்கும் தெரிந்த ஊர். 1665-ல் லண்டன் துணிமூட்டையோடு கொள்ளைநோயும் வந்தது என்பார்கள். மறுவருடம் பாதிரியார் மோம்பெசன் சொல்கேட்டு ஊரே தன்னை அடைத்துக்கொண்டது. நோய் தொற்றாமலிருக்க எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போட்டார்கள். வெளியூரார் உணவு வைத்துப் போனார்கள். மனம் கனக்கும்.

நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டனில் அப்படியொரு சோகக்கதை இல்லை. சரி, ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். இடைக்காலத் திறந்தவெளி விவசாயம் இங்கே இன்றும் நடக்கிறது. மூன்று பெரிய வயல்கள், நடுவே வேலி இல்லாமல் பட்டை பட்டையாகப் பிரித்த நிலம். நவம்பர் கடைசியில் ஊர் விவசாயிகள் அடங்கிய ஜூரி என்ற குழு வயலைச் சுற்றிப் பார்க்கும். பொதுப் புல்வெளியில் ஏர் ஓட்டியிருந்தால் அபராதம்! அப்புறம் எல்லோரும் பப்புக்கு.