எப்டாயினா லெவிபில்லா? எலும்பையும் கணக்குல சேர்த்துப் பாத்தா

ஃபிட்ஸுக்காக ரொம்ப வருஷமா ஃபெனிடாயின் மாத்திரைல இருந்த அம்மாவுக்கு டாக்டர் லெவெடிராசிடம் மாத்திக் குடுத்தாச்சு, அதனால நான் எந்தக் கட்சின்னு முன்னாடியே சொல்லிடறேன், லெவெடிராசிடம்தான். மெடிக்கல்ல ஃபெனிடாயினுக்கு எப்டாயின், லெவெடிராசிடத்துக்கு லெவிபில்னு பிராண்ட் பேரைக் கேட்டா டக்குனு எடுத்துத் தருவாங்க.

ஃபிட்ஸை அடக்குறதுல ரெண்டுமே தேறுன ஆளுங்க. ஃபெனிடாயின் 1938லேர்ந்து இருக்கு, விலை கம்மி, ஜிஹெச்லயும் தர்றாங்க. ஈறு வீங்கும், டோஸ் லேசா கூடுனாக்கூட ரத்தத்துல லெவல் எகிறி தள்ளாட்டம் வரும், இதெல்லாம் தெரிஞ்ச கதை.

பேசாம விட்டுடறது எலும்பைத்தான். வெயில்ல கிடைக்கிற வைட்டமின் டி மொதல்ல ஈரல்ல மாறி, அப்புறம் கிட்னில மாறி, அதுக்கப்புறம்தான் சாப்பாட்டுல இருக்கற கால்சியத்தை உடம்புக்குள்ள இழுக்கும். ஃபெனிடாயின் ஈரல்ல மருந்துகளை உடைக்கற என்சைமுங்கள முடுக்கி விட்டுடுது, அதுங்க வைட்டமின் டியை சீக்கிரமே உடைச்சு ஒண்ணுக்கும் உதவாததா ஆக்கிடும். கால்சியம் பத்தலன்னதும் கழுத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பியோட ஹார்மோன் ஏறி எலும்புலேர்ந்து உருவி ரத்தத்துக்குக் குடுக்கும், அதனால ரிப்போர்ட்ல கால்சியம் நார்மல்னே வரும், நாமளும் சரின்னு ஃபைல்ல சொருகிட்டு வந்துடுவோம். பாக்க வேண்டியது 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, அதாவது ஈரல்ல மாறுன டி, அது ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழன்னா குறைபாடு. ரத்த டெஸ்ட்ல வர்ற ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ்ங்கற என்சைம் ஏறியிருந்தா ஈரல்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணிடாதீங்க, டி குறைஞ்சு எலும்பு மிருதுவானாலும் அது ஏறும். (நம்மூரு வெயிலுக்கு டி குறையுமான்னு கேக்காதீங்க, இந்த மாத்திரை போடாதவங்களுக்கே இங்க குறையுது.) ஃபிட்ஸ் வந்தா தடால்னு விழுவாங்க, அதுலயும் மாதவிடாய் நின்ன பொம்பளைங்கன்னா ஏற்கெனவே எலும்பு தேய்ஞ்சிருக்கும், இது ரெண்டும் சேர்ந்தா இடுப்பெலும்பு என்ன ஆகும்?

இந்த எலும்புப் பராமரிப்புலதான் ஃபெனிடாயினோட மலிவு அடிபடுது. ஒரு தடவை டி டெஸ்ட் எடுக்கற காசுக்கு எப்டாயினே பல மாசத்துக்கு வாங்கிடலாம், அந்த டெஸ்டை திரும்பத் திரும்ப எடுக்கணும். டி மாத்திரையும் மத்தவங்களவிட ரெண்டு மூணு மடங்கு தேவைப்படலாம்னு ஹார்மோன் டாக்டர்களோட சங்கமான அமெரிக்க எண்டோக்ரைன் சொசைட்டி 2011ல சொல்லியிருந்தாங்க.

லெவெடிராசிடம் அந்த என்சைமுங்களோட வம்புக்குப் போறதில்ல, பெரும்பங்கு அப்படியே சிறுநீர்ல போயிடும். அதனால கிட்னி வீக்கா இருந்தா டோஸ் குறைக்கணும். ஆனா எலும்புக்கு பாதிப்பே இல்லைன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. அம்மாவுக்கு டி லெவல் ஏறுச்சுதான், ஆனா அதே நேரம் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் டாக்டர் சொன்னபடி ஓடுச்சு, யாருக்குப் பேரு குடுக்கறது? இன்னொண்ணு, கோவம். ஆரம்பத்துல எதுக்கெடுத்தாலும் சுள்ளுனு விழுந்தாங்க, அப்புறம் அடங்கிடுச்சு, சிலருக்கு அடங்காம மாத்திரையையே மாத்த வேண்டி வரும்.

ஃபிட்ஸுக்கே தர்ற மத்த மருந்துங்கள்ல கார்பமசெபைனும் ஃபீனோபார்பிட்டோனும் இந்த விஷயத்துல ஃபெனிடாயின் ஜாதிதான். வால்ப்ரோயேட் என்சைமைத் தூண்டாது, ஆனாலும் பிரிட்டன்ல 2009ல எலும்பு எச்சரிக்கை குடுத்தப்ப அதையும் சேர்த்தாங்க.

ஃபெனிடாயின்ல ஃபிட்ஸே வராம நல்லா இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு விட்டா நிக்காம வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாயிடும். அடுத்த செக்கப்ல டி டெஸ்ட் எழுதிக் கேளுங்க, கால்சியம் மாத்திரை குடுத்தா ஃபெனிடாயினோட சேர்த்துப் போடாம ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க, ஒண்ணா போட்டா ஃபெனிடாயின் உடம்புல சரியா ஏறாது.