நாலு ரோடு கடையில வாங்குன வில்மா மேன்கில்லர் காயின், என்னோட ரிவ்யூ

தர்மபுரி நாலு ரோடு பக்கம் பழைய காசு, ஸ்டாம்ப் விக்கிற சின்ன கடையில வாங்குனது இது. 2022-ல அமெரிக்கா விட்ட கால் டாலர். ஒரு பக்கம் வாஷிங்டன் தலை, மறுபக்கம் வில்மா மேன்கில்லர், அமெரிக்க பழங்குடி மக்களான செரோக்கி தேசத்துக்கு முதல் பெண் தலைவரா இருந்தவங்க. சால்வைய போத்திகிட்டு காத்துல நிமிந்து நிக்கிறாங்க, பக்கத்துல ஏழு முனை நட்சத்திரம், அப்புறம் செரோக்கி எழுத்துலயே அவங்க தேசத்து பேரு. 24 மில்லிமீட்டர் சொச்சம் காசுல அந்த எழுத்து எவ்ளோ தெளிவா விழுந்திருக்குன்னு லென்ஸ் வச்சு பாருங்க, அருமையான வேலை.

பின்னாடி விலை ஏறும்னு இத வாங்காதீங்க, அரிதான காசெல்லாம் இல்ல. நான் வாங்குனது பெல் ஊருக்காக. ஓக்லஹோமாவுல பெல்னு ஒரு கிராமம், நெறைய வீட்டுல தண்ணி குழாயே கிடையாது, 1980கள் ஆரம்பத்துல மேன்கில்லர் அங்க போயி ஊர் ஜனங்கள உக்கார வச்சு பேசி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்ளோ தூரம்னு பிரிச்சு விட்டு, அவங்களே பள்ளம் தோண்டி அவங்களே பைப் பதிச்சு சுமார் 16 மைல் லைன் இழுத்துட்டாங்க. ஃப்ளோரைடு தண்ணி குடிச்சு பல்லு கறை ஏறுன நம்ம ஜனங்களுக்கு, 2013-ல ஒகேனக்கல் தண்ணி வர்ற வரைக்கும் காத்துகிட்டு இருந்தவங்களுக்கு, இது எவ்ளோ பெரிய காரியம்னு சொல்லவே வேணாம்.

அதுவும் 1979-ல பெரிய கார் விபத்து, அடுத்து தசை பலவீன நோய், அதுல இருந்து எந்திரிச்சு வந்து செஞ்சது இது. 1985-ல தலைவர் ஆனாங்க, பொம்பளைக்கு எதுக்கு இந்த பதவின்னு எதிர்த்த செரோக்கி ஜனங்ககிட்டயே 1991-ல 80 சதவீதத்துக்கு மேல ஓட்டு. எனக்கு ரொம்ப புடிச்ச தலைவர்ங்க. 2010-ல இறந்துட்டாங்க.

கடைய பத்தி சொல்லணும்னா, அண்ணன் பொறுமையா எல்லா டப்பாவையும் எறக்கி காட்டுறாரு. மொதல்ல குடுத்த கேப்சூல்ல (காசு வைக்கிற பிளாஸ்டிக் டப்பி) கீறல் இருந்துச்சு, கேட்டதும் மாத்தி குடுத்தாரு. ஆனா கவர் மேல வெறுமனே ‘அமெரிக்கா 25 சென்ட்’னு மட்டும் எழுதி இருக்கு, யாரு என்னன்னு ரெண்டு வரி தமிழ்ல போட்டா ஸ்கூல் புள்ளைங்களும் கேட்டு வாங்குவாங்க. இதே வரிசையில அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ காயினும் இருக்கு, ரெண்டையும் சேத்து எடுத்தா விலை கொஞ்சம் கொறைச்சு தர்றாரு.