பவர்டு ஸ்பீக்கரோடு சப்வூஃபர்: எந்த வழியில் ஒயர் இழுப்பது?

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து வாடகை வீடுகளில் ஹால் பெரும்பாலும் சின்னதுதான். டிவிக்கு இரண்டு பக்கமும் நாலு இன்ச் பவர்டு ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர் உள்ளது) இருக்கிறது, அதோடு ஒரு சப்வூஃபர் (பேஸ் எனும் ஆழமான ஒலிக்கென்றே உள்ள பெட்டி, சுருக்கமாக சப்) சேர்க்க வேண்டும் என்றால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: தினமும் வால்யூமை எதில் மாற்றுகிறீர்கள், ஸ்பீக்கரிலா, டிவியிலா? வழி அதை வைத்துத்தான் முடிவாகும்.

ஸ்பீக்கரின் பின்பக்கம் 'சப் அவுட்' இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஒரு ஆர்சிஏ கேபிளை (சாதாரண ஆடியோ ஒயர்) அங்கிருந்து சப்பின் இன்புட்டில் சொருகினால் போதும். ஸ்பீக்கர் ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தால் பேஸும் சேர்ந்தே குறையும். புளூடூத், ஆப்டிகல் எதில் பாட்டு வந்தாலும் சப் வேலை செய்யும். குறை என்னவென்றால், பல மாடல்களில் ஸ்பீக்கரும் முழு பேஸை வாசித்துக்கொண்டே இருக்கும், சின்ன கோனுக்குச் சுமை குறையாது. சில மாடல்களில் சப் அவுட்டிலேயே, பேஸை மட்டும் அனுப்பும் ஃபில்டர் உண்டு. அப்படியானால் சப்பின் கிராஸ்ஓவர் குமிழை (எத்தனை ஹெர்ட்ஸ் வரை சப் வாசிக்கும் என்று வைப்பது) அதிகபட்ச ஹெர்ட்ஸ் வரை திருகிவிடுங்கள். இரண்டு ஃபில்டர் அடுத்தடுத்து வந்தால் கிராஸ்ஓவர் அருகே பேஸ் வற்றிப்போகும்.

சப் அவுட் இல்லாதவர்கள் முதலில் தேடுவது ஒய் அடாப்டர், ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒயர். இரண்டு வேண்டும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. டிவியிலிருந்து வரும் சிக்னல் பிரிந்து ஒரு கிளை ஸ்பீக்கருக்கும் இன்னொன்று சப்புக்கும் போகும். மலிவுதான், ஆனால் வால்யூமை டிவியில்தான் மாற்ற வேண்டும். ஸ்பீக்கரில் குறைத்தால் பேச்சு அடங்கிவிடும், சப் மட்டும் அதே வேகத்தில் உறுமும். போனிலிருந்து ஸ்பீக்கருக்கு புளூடூத்தில் பாட்டு போட்டால் சப் ஊமை. இதே அடாப்டரைத் திருப்பிப் போட்டு இரண்டு அவுட்புட்டை ஒன்றாக இணைக்காதீர்கள். ஒரு அவுட்புட் இன்னொன்றோடு மோதி ஒலி கெடும்.

ஒலித்தரத்தில் மூன்றாவது வழிக்கே எங்கள் ஓட்டு: சிக்னல் முதலில் சப்புக்குள் போய், அதன் 'லைன் அவுட்' வழியாக ஸ்பீக்கருக்கு வருவது. சப்பில் ஹை பாஸ் ஃபில்டர் (பேஸை நிறுத்தி மீதியை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுவது) இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் கோன் துடிப்பது குறையும், குரல் தெளியும். ஆனால் சில சப்களில் லைன் அவுட் வெறும் நேர்வழி, ஃபில்டரே கிடையாது. 40 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓட்டி ஸ்பீக்கர் கோனை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். நன்றாகவே அதிர்ந்தால் ஃபில்டர் இல்லை. வால்யூம், புளூடூத் சிக்கல் இதிலும் ஒய் அடாப்டர் போலத்தான்.

ஒரு ஸ்பீக்கரிலிருந்து மற்றதற்குப் போகும் ஒயரில் கிளை எடுத்து சப்பின் ஹை லெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் ஒயரையே ஏற்கும் இன்புட்) கொடுப்பது நான்காவது வழி. ஸ்பீக்கருக்குள் இருப்பது பிரிட்ஜ் வகை ஆம்ப் (பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் சிக்னல் வருவது) என்றால் அதன் மைனஸ் கிரவுண்ட் அல்ல. சப் அதைத் தன் கிரவுண்டோடு சேர்த்தால் ஆம்ப் காலி. ஸ்பீக்கர் கம்பெனி மேனுவலிலேயே அனுமதிக்காத வரை இதைத் தொடாதீர்கள்.

இணைத்த பிறகு கிராஸ்ஓவரை 80-ல் தொடங்கி, நாலு இன்ச் ஸ்பீக்கருக்கு 100 வரை ஏற்றிப் பாருங்கள். சப்பின் ஃபேஸ் சுவிட்சை (சப்பின் அதிர்வைத் திருப்பிப் போடுவது) 0, 180 இரண்டிலும் வைத்து, உட்காரும் இடத்தில் பேஸ் எதில் கூடுதலாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். 12 அடி நீள கான்கிரீட் அறை 47 ஹெர்ட்ஸ் வாக்கில் தானே முழங்கும், மூலையில் வைத்தால் இன்னும் மோசம். சுவர் ஓரமாகவே இரண்டடி தள்ளிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மே மாத வேலூர் வெயிலில் சப்பின் பின்பக்க ஆம்ப் தட்டு சுவரை ஒட்டி நிற்கக் கூடாது, ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

'ம்ம்ம்' என்ற ஹம் வந்தால் ஸ்பீக்கர், சப், டிவி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். அப்புறமும் நிற்காவிட்டால் செட்டாப் பாக்ஸின் கேபிள் ஒயரைக் கழற்றுங்கள். ஹம் போய்விட்டால் அதன் எர்த்தும் வீட்டு எர்த்தும் சேர்ந்து உண்டாக்கும் லூப்தான் காரணம். எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். சப் லைனில் மலிவான ஐசோலேட்டர் (எர்த் லூப்பைத் துண்டிக்கும் சின்ன டப்பா) போடுவதும் வீண், அதற்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் முதலில் தின்பதே ஆழமான பேஸைத்தான்.